பொட்டை அழித்துவிட்டுப் பாடட்டும்

எங்கள் குழுவில் மூன்றே பேர். நான் கிட்டார், குருக்கள்மடத்து ஓட்டோக்காரன் டோலக். பாடுகிறவள் ஆரையம்பதியில் தையல் மெஷினோடு சீவிப்பவள். கரண்ட் தேவையில்லாத பாட்டு என்பதால் கலியாண வீடு, அறுவடை முடிந்த வயல் வட்டை என்று கூப்பிட்ட இடமெல்லாம் போவோம். பாடுவது எல்லாம் கவிப்பாட்டு. மச்சானும் மச்சாளும் ஏங்கிச் சாகிற நாலடிகள்.

ஒன்று மட்டும் அவளே கட்டியது. அவளுடைய புருசன் கடலுக்குப் போனான்; போட் கரையொதுங்கியது, ஆள் வரவில்லை. உடல் கிடைக்காததால் எட்டாம் நாள் சடங்கும் இல்லை, முப்பத்தோராம் நாளும் இல்லை. கொள்ளி வைக்காதவனுக்காக எப்படிப் பொட்டை அழிப்பது? அவள் அழிக்கவில்லை. அவனைக் கூப்பிட்டுப் பாடினாள்.

சோத்தை மூடி வச்சிரிக்கன்
சூடாறிப் போச்சு மச்சான்
காத்தும் திரும்பிட்டு - உன்
கால்தடத்தக் காணல்லையே

யாரோ இதைப் போனில் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். ஊர் முழுக்கக் கேட்டது. அந்தத் துணிவில்தான் அவளுடைய ஊர்க் கோயில் சடங்கில் பாட ஒப்புக்கொண்டோம். சொந்தச் சனத்தின் முன்னால் இதை ஒருதரமாவது பாடவேண்டும் என்பது அவளுடைய ஆசை.

சடங்குக்கு முன் கோயில் தலைவர் என்னை மட்டும் கூப்பிட்டார். பிளேன்டீ தந்து, பிள்ளையின் குரல் தேன் என்று புகழ்ந்துவிட்டு விசயத்துக்கு வந்தார்.

“பாட வேணாமெண்டு சொல்லல்ல தம்பி. அந்தப் பாட்டெண்டா பொட்டை அழிச்சிட்டுப் பாடட்டும். பொட்டு இரிக்க வேணுமெண்டா வேற பாட்டுப் பாடட்டும். ரெண்டும் ஒண்டாச் சரிவராது.”

ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்பது அவளுக்கு விதி எழுதிய நிலை. எந்தக் காலை எடுக்க வேண்டும் என்று சொல்ல இந்த மனுசன் யார்? தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பினேன்.

அவளிடம் சொன்னபோது மெஷின் நிற்கவில்லை.

“அவரு செத்தத இவரு கண்டவராமா?”

அவ்வளவுதான். நாங்கள் போகவில்லை. சடங்கில் சினிமாப் பாட்டு ரெக்கோட் போட்டார்களாம்.

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அடுத்த மாரியில் தலைவரின் மனைவி செத்துப்போனார். முப்பத்தோராம் நாளுக்கு முன் அவரே என் வீட்டு வாசல் படலையில் வந்து நின்றார். மனுசி சமைக்கும்போதெல்லாம் அந்தப் பாட்டைத்தான் போனில் போட்டுக் கேட்பாராம். அதை முப்பத்தோராம் நாளன்று வீட்டில் வந்து பாட வேண்டுமாம்.

எனக்கு உச்சி கொதித்தது. அப்படியென்றால் எங்களைத் தடுத்த நாளிலும் அவருடைய குசினியில் அதே பாட்டு ஓடியிருக்கிறது! சோற்றைத் தின்றுகொண்டே கேட்டிருக்கிறார். அந்தப் பொட்டு கோயிலில்தானா கண்ணைக் குத்தியது? அவரிடமே கேட்டேன். “மனுசிக்காகத்தான் கேக்கன் தம்பி,” என்றார். இரக்கம் வரவில்லை எனக்கு.

அவள் மறுப்பாள் என்று நம்பித்தான் சொல்லப் போனேன்.

“மனுசி எனக்கு என்ன செஞ்சவ, அண்ணன்? அவக்குப் பாடுவம்,” என்றாள். நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, “பொட்டோடதான் வருவனெண்டு அந்தாளுக்கிட்ட ஒருக்காச் சொல்லி வைங்க.”

சொல்லி வைத்தேன். அவர் ஓம் என்றார்.

அன்றைக்கு வந்திருந்த சனமெல்லாம் அவளுடைய நெற்றியைத்தான் பார்த்தது. அவள் செத்த மனுசியின் படத்தைப் பார்த்துக்கொண்டு நாலடியையும் முழுதாகப் பாடினாள். தலைவர் துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு பெண்கள் அவளைப் பாயில் இருத்திச் சாப்பாடு போட்டார்கள், அவளும் சாப்பிட்டாள்.

நான் கிட்டாரோடு படலைக்கு வெளியே நின்றேன். செத்த வீட்டுச் சோற்றைத் தள்ளுவது பெரிய அவமதிப்பு என்று தெரிந்துதான் நின்றேன். ஓட்டோக்காரன் ஈரக் கையோடு வந்தான்.

“வா மச்சான், பிலாக்காக் கறி நல்லாரிக்கி. பாடினவளே திங்கிறாள், உனக்கென்ன?”

எனக்கென்னவா? தலைவர் படலை வரைக்கும் வந்து கூப்பிட்டார். கிட்டாரை உறையில் போட்டு, ஓட்டோவில் ஏறி இருந்துகொண்டேன்.