வெல்ஃபேர் ஐயாவின் பையில் எங்கள் பாஸ்போர்ட்

"...எறக்கி வெச்ச எடத்துலேயே கெடக்குறதுக்கு நாம என்ன கொழுந்துக் கூடையாக்கா?" என்று புஷ்பம் என்னிடம் கேட்டபோது, எங்கள் விமானம் எங்களை விட்டுவிட்டுப் போயிருந்தது.

வெளிநாட்டுத் தேயிலைக் கண்காட்சி ஒன்றில், தொட்டியில் வைத்த செடியில் கொழுந்து பறித்துக் காட்டுவதற்காக இலங்கை மலையகத்து டயகமப் பக்கத் தோட்டத்திலிருந்து மூன்று பெண்களை அனுப்பினார்கள். காலமெல்லாம் மலை ஏறிய நான், புஷ்பம், ராணி. கூட வந்தவர் தோட்டத்து வெல்ஃபேர் ஆபீசர். வயதில் என் தம்பி மாதிரி. ஆனாலும் ஐயா என்றுதான் கூப்பிட வேண்டும். திரும்பி வரும் வழியில், பிளேன் மாறும் ஊரில்தான் இந்த அநியாயம் நடந்தது.

ஆபீஸ் பழக்கம்

"நீங்க தொலைச்சிருவீங்க, குடுங்க" என்று கட்டுநாயக்கா ஏர்போர்ட்டிலேயே மூன்று பாஸ்போர்ட்டையும் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். நாங்களும் கொடுத்தோம். பிறப்புப் பத்திரமோ வேறு எதுவோ, ஆபீசில் கொடுத்துவிட்டு வெளியே நின்று பழகிய சனம் நாங்கள். அந்தப் பழக்கத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

"நான் வந்து கூப்பிடுற வரைக்கும் யாரும் எழும்பக் கூடாது" என்று சொல்லிவிட்டு, சாய்ந்து படுக்கும் நாற்காலிகள் இருந்த பக்கம் போனார். நேரமாகியும் அவர் வரவில்லை. கொழும்புக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். நாங்களும் ஓடிப்போய் நின்றோம். வாசலில் இருந்த பெண் பாஸ்போர்ட் கேட்டாள். கையை விரித்தோம். ராணி ஐயாவைத் தேடி ஓடினாள். வாயைத் திறந்துகொண்டு தூங்கிய மனிதரை எழுப்பிக் கூட்டி வருவதற்குள் கதவை மூடிவிட்டார்கள்.

உடனே போனை எடுத்து, "பொம்பளைங்க கடை பார்க்கப் போயிட்டாங்க சேர், அவங்களத் தேடித்தான் பிளேன விட்டேன்" என்று தோட்டத்து மேனேஜர் துரையிடம் சிங்களத்தில் சொன்னார். எங்கள் முகத்துக்கு நேரேயே! டவுன் கடையில் நாங்கள் சிங்களம் பேசித்தான் சாமான் வாங்குகிறோம் என்று அவருக்குத் தெரியாது போலும்.

அடுத்த விமானம் மறுநாள் காலை. அதையும் விட்டால் புஷ்பத்துக்கு வழியில்லை. மகளுக்குப் பரிசம் போட மஸ்கெலியாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள்; தாய் இல்லாமல் எப்படி?

"ஐயா, பாஸ்போர்ட்டக் குடுத்துருங்க. நாங்களே வெச்சிக்கிறோம்."

"ஒங்ககிட்ட குடுத்தா அதையும் எங்கயாவது விட்டுட்டு வருவீங்க. பேசாம ஒக்காருங்க."

கும்மி

புஷ்பம் செருப்பைக் கழற்றினாள். "கோவம் வந்தா எனக்கு ஒக்கார முடியாதுக்கா. வாங்க" என்று கையைத் தட்டத் தொடங்கினாள். மாரியம்மன் திருவிழாவுக்கு நாங்கள் அடிக்கும் கும்மி.

"ஐயோ அக்கா, ஆளுங்க பாக்குறாங்க!" என்றாள் ராணி.

"பாக்கட்டும்டி. தொட்டிச் செடியில கொழுந்து பறிச்சப்ப பாக்கலையா?"

மூன்று பேரும் சுற்றினோம். உட்கார்ந்து வீங்கிய கால் லேசானது, நெஞ்சும்தான். குழந்தையோடு காத்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் தானாக வந்து சேர்ந்தாள். அவள் தாளம் தப்பித் தப்பித் தட்ட, ராணி சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"மானத்த வாங்காதீங்க! இது என்ன ஒங்க லயத்து வீட்டு வாசலா?" என்று ஐயா நாற்காலியில் இருந்தபடியே கத்தினார். தூங்கி எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தபோது போகாத மானம், நாங்கள் கை தட்டியதில் போய்விட்டதாம்!

வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கூட வருகிறவர் எவ்வளவு பெரிய உத்தியோகத்தில் இருந்தாலும் உங்கள் பாஸ்போர்ட் உங்கள் கையில் இருக்கட்டும். கேட்டால் தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். இதை நான் புஷ்பத்திடம்தான் படித்தேன்.

ஐயா கத்தி முடித்ததும் அவள் மூச்சு வாங்க வட்டத்தை விட்டு வந்தாள். அவர் மடியில் இருந்த பையை எடுத்தாள். ஜிப்பைத் திறந்து, படத்தைப் பார்த்து எனக்கொன்று, ராணிக்கொன்று கொடுத்தாள். தன்னுடையதை ஜாக்கெட்டுக்குள் செருகினாள். பிறகு பையை ஒழுங்காக மூடி, திரும்ப அவர் மடியிலேயே வைத்தாள்.