சூளைமேல் வெந்த சோறு

எழுபதுகளில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குப் பிசிறு சீவும் வேலை செய்தேன். என் வீட்டுக்காரர் ஜங்ஷனில் மூட்டை தூக்கினார். மூத்த பெண் ஐந்தாம் வகுப்பு. அவளுக்குக் கீழே இரண்டு சின்னதுகள்.

அரபு நாட்டுக்காரர்கள் எண்ணெய் விலையை ஏற்றிவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அரபு நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் அந்த விலை நேராக என் அடுப்புக்கு வந்தது. முதலில் மண்ணெண்ணெய் கைக்கு எட்டாமல் போனது. ரேஷனில் வந்தால் வரிசை, வராவிட்டால் பூட்டிய கதவு. ஸ்டவ்வைத் துடைத்துப் பரண்மேல் போட்டேன். சரி, விறகு வாங்கலாம் என்று போனால் அதுவும் இல்லை. எண்ணெய் ஊற்றி எரித்த பீங்கான் சூளைக்காரர்கள் விறகுக்கு மாறியிருந்தார்கள். கருவேப்பிலங்குறிச்சிப் பக்கமிருந்து வரும் விறகு வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே மடக்கி மொத்தமாக வாங்கினார்கள். எங்களுக்கு மிஞ்சியது சுள்ளி. அதற்கும் விறகு விலை சொன்னான் கடைக்காரன்.

எண்ணெய் விலை என்றால் இன்றைக்கும் படித்தவர்கள் பஸ் டிக்கெட்டைப் பற்றியும் லாரி வாடகையைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். சோறு எதில் வெந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை.

பட்டறைப் பெண்கள் நாங்களே ஒரு வழி கண்டோம். சூளையை எரித்து முடித்ததும் அதன் வாசலைச் செங்கல் வைத்து மண் பூசி அடைத்துவிடுவார்கள். தானாக ஆறிய பிறகுதான் பிரிக்க வேண்டும். அதுவரை சூளையின் தலைமேல் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. காலையில் அரிசியும் தண்ணீருமாகப் பானையைக் கொண்டுவந்து அங்கே ஏற்றி மூடிவைப்போம். சாயங்காலம் சோறு. குழைந்துதான் இருக்கும், இருக்கட்டுமே. அதனால்தான் என் பெண் பள்ளிக்கூடம் போக முடிந்தது. தெருவில் மற்ற பெண்பிள்ளைகள் அடுப்புக்கு முள் வெட்டுவதற்காக ஒவ்வொருத்தியாகப் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்டிருந்தார்கள்.

ஒருநாள் முதலாளிக்கு அவசரம். சூடு இருக்கும்போதே அடுத்த சரக்கை ஏற்றினால் விறகு மிச்சமாகும் என்று நினைத்து, ஆறும் முன்பே வாசலைப் பிரிக்கச் சொன்னார். வெளிக்காற்று உள்ளே போனதும் பொம்மைகள் டிக் டிக்கென்று வெடித்தன. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். அவரோ மேலே இருந்த பானைகளைப் பார்த்தார்.

"இவளுங்க சோத்துப் பானைய ஏத்தறதாலதான் சூளை கெட்டுப்போவுது. இனிமே ஒரு பானையும் மேல ஏறக் கூடாது."

"வாசலப் பிரிக்கச் சொன்னது பானைங்களா மொதலாளி?" என்றேன்.

"ஒனக்கு வாயி ரொம்ப நீளுது. வேல வேணுமா, வேணாமா?"

வேலை வேண்டும். அரைவேக்காட்டுப் பானையை இறக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விஷயத்தைக் கேட்ட வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை.

"அப்ப பெரிய பாப்பாவ ஸ்கூல வுட்டு நிறுத்திடு. மத்த பொண்ணுங்களோட ஆத்தங்கரைக்குப் போயி முள்ளு வெட்டியாரட்டும்."

"அவ போவ மாட்டா. நீங்க போங்க."

"நானா? ஆம்பள தலையில வெறவு சொமந்தா ஊரு சிரிக்கும்."

"ஜங்ஷன்ல எவன் வூட்டு மூட்டையோ சொமக்கறீங்க, அதுக்கு சிரிக்காத ஊரு நம்ம வூட்டு வெறவுக்கு சிரிக்குமா? சிரிச்சிட்டுப் போவட்டும். இல்லன்னா தெனமும் இதயே தின்னுங்க."

அரைவேக்காட்டு அரிசியைத் தட்டில் போட்டேன். ஒரு வாய் மென்றார். இன்னொரு வாய் மென்றார். தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் விடிவதற்குள் அரிவாளோடு கிளம்பிவிட்டார். திரும்பி வரும்போது தலையில் வேலிக்காத்தான் முள்கட்டு, முகத்தை மறைத்துத் துண்டு. எதிர்வீட்டுக்காரர் விடவில்லை.

"என்னா மச்சான், தங்கச்சி வேலய மாத்திக் குடுத்துடுச்சா?"

"ஆமாண்டா. ஒனக்கும் ஒண்ணு கேட்டு வாங்கித் தரட்டுமா?"

கட்டைத் தொப்பென்று வாசலில் போட்டுவிட்டு என்னை முறைத்தார். நான் முள்ளை ஒடித்து அடுப்பில் வைத்தேன். பச்சை முள், புகைந்ததே தவிர எரியவில்லை. சோறு ஆகிறவரை காத்திருக்க நேரமில்லை. பெண் முந்தின நாள் அரைவேக்காட்டுப் பானையில் மிஞ்சிய கஞ்சியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.