முடிச்சம்மா விசாரித்த வரன்

கல்யாணத் தரகு பார்க்கும் பெண்களுக்கு வாய் நீளம் என்பார்கள். முடிச்சம்மாவுக்கு வாயைவிடக் கால்தான் நீளம். ஒரு வீட்டில் உட்கார்ந்து டீயைக் குடித்து முடிப்பதற்குள் அடுத்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பாள். எந்தச் சிக்கலைக் கொண்டுபோனாலும் "முடிச்சிடலாம், விடுங்க" என்பாள். அதனால்தான் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

பிறந்த வீட்டில் கோயில், வாழப்போன வீட்டில் சர்ச். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு தரகில் இறங்கியதும் பள்ளிவாசல், புத்த விகாரை என்று எல்லா வாசலும் பழகிப்போயிற்று. "மேல இருக்கறவங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும், என் போனுக்குள்ள எல்லாரும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்காங்க" என்று பெருமையடித்துக்கொள்வாள்.

இப்பேர்ப்பட்டவளால் தன் ஒரே பையனுக்கு ஒரு பெண்ணை முடிக்க முடியவில்லை. எந்தப் போட்டோவைக் காட்டினாலும் "நல்லாத்தான்மா இருக்காங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான். ஊர் வாய் சும்மா இருக்குமா? "ஊருக்கெல்லாம் முடிக்கிறா, வீட்டுல முடிய மாட்டேங்குதே" என்று அவள் காதுபடவே பேசியது.

ஒருநாள் சாயங்காலம் அவன் தானாக வந்து அடுக்களை வாசலில் நின்றான். "எனக்கு அமைஞ்சிடுச்சும்மா."

அடுப்பை அணைத்துவிட்டு அவள் கேள்விகளை ஆரம்பித்தாள். பழக்க தோஷம், என்ன செய்ய?

"என்ன வேலை?"

"ஆஸ்பத்திரியில. எக்ஸ்ரே எடுக்கறாங்க."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரே ஒரு அக்கா, கட்டிக்கொடுத்தாச்சு. அப்பா இல்ல. அம்மாவை இவங்கதான் பார்த்துக்கறாங்க."

"குணம் எப்படி?"

"எனக்குக் கோபம் வந்தா அவங்க சிரிச்சிடுவாங்க. அப்புறம் எங்க கோபப்படறது."

அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. கட்டிக்கொள்ளப் போகிறவளை அவங்க, இவங்க என்று எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறான்! இந்த 'அவங்க' இருக்கிறதே, அது பொல்லாத சொல். ஆணா பெண்ணா என்று கடைசிவரை காட்டிக்கொடுக்காது. எத்தனையோ மாப்பிள்ளைகளின் குட்டை உடைத்தவள், இந்த ஒரு சொல்லில் குப்புற விழுந்தாள்.

"பொண்ணு போட்டோ காட்டுடா."

அவன் போனை நீட்டினான். தாடியைச் சீராக வெட்டிய ஒருவன் வெள்ளைக் கோட்டில் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இது அவளோட அண்ணனா?"

"அக்கா மட்டும்தான்னு சொன்னேனேம்மா."

"அப்ப இது யாரு?"

"அவங்கதான்."

அவள் போனை மேடைமேல் கவிழ்த்து வைத்தாள். அணைத்த அடுப்பை மறுபடி பற்றவைத்தாள், மறுபடி அணைத்தாள். திட்ட வேண்டும் என்று வாயெடுத்தால் திட்டு வரவில்லை.

"ஒரே ஒரு தடவை வந்து பாரும்மா அவரை," என்றான் பையன். "பார்த்துட்டு முடியாதுன்னா சொல்லிடு, நான் என் வழியைப் பார்த்துக்கறேன். பார்க்காமலே சொல்லாத."

"நாலு இடத்துல விசாரிக்காம நான் எதுக்கும் சரின்னு சொன்னதில்ல."

"அவரைப் பத்தியா?"

"அவனைப் பத்தி என்னத்த விசாரிக்கிறது? இது அடுக்குமான்னு விசாரிக்கணும். நான் கூப்பிடற வரைக்கும் நீ கூப்பிடாத."

அவன் ஒரு பையில் துணிகளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு அறைக்குப் போய்விட்டான்.

அன்றிலிருந்து முடிச்சம்மாவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. ஊர் பேசுமே என்ற பயம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தான் கண்ணை மூடிய பிறகு இவனுக்கு ஒரு நல்லது கெட்டது என்றால் எந்த வாசலில் சேர்த்துக்கொள்வார்கள்? மனிதர்கள் தள்ளினால் சாமியிடம் போகலாம். சாமியே தள்ளிவிட்டால் பிள்ளை எங்கே போவான்? இதைத் தெரிந்துகொள்ளாமல் பையன் முகத்தில் விழிப்பதில்லை என்று முடிவுகட்டினாள். பகலில் தரகு வேலை. பூசை புனஸ்காரம் எல்லாம் முடிந்து பெரியவர்கள் ஓய்ந்து உட்காருவது சாயங்காலம்தான் என்பதால், வெயில் தாழ்ந்தால் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

முதலில் கோயில் குருக்கள். "தெரிஞ்ச வீட்டுப் பையன் ஒருத்தன்" என்று ஆரம்பித்தாள்.

குருக்கள் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "நம்ம சாஸ்திரத்துல எதைத் தேடினாலும் கிடைக்கும்மா. ஒரு இடத்துல குத்தம்னு இருக்கு, குளிச்சா தீர்ந்துதுன்னும் அங்கேயே இருக்கு. ஆத்மாவுக்கு ஆண் பெண் கிடையாதுங்கறதும் நம்ம பேச்சுதான்."

"அப்ப நீங்க வந்து கல்யாணம் பண்ணி வைப்பீங்களா?"

"கடவுள்கிட்ட நான் பேசிக்குவேன். கோயில் செயலாளர்கிட்ட யாரு பேசறது?"

சர்ச் பாஸ்டர் அவளுடைய கணவரை அடக்கம் செய்தவர். நாற்காலியை இழுத்துப்போட்டு, கையைப் பிடித்துக்கொண்டு, "ஆளை நேசிக்கணும்மா, அந்தச் செய்கையை மட்டும் ஏத்துக்க முடியாது" என்றார்.

"ஆளை மட்டும் தனியா உரிச்செடுத்து எப்படிங்க நேசிக்கிறது? அவன் என்ன வாழைப்பழமா?"

பாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். வாசல்வரை வந்து குரலைத் தாழ்த்தி, பாலத்துக்கு அந்தப் பக்கம் வேறொரு சபை இருப்பதாகவும், அங்கே ஒரு பெண் பாஸ்டர் இப்படிப்பட்டவர்களை ஆசீர்வதிப்பதாகவும் சொன்னார். "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அங்கேயும் போனாள். அந்தம்மா "தாராளமா கூட்டிட்டு வாங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அதுவும் முடிச்சம்மாவுக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு சுலபமாகச் சொன்னால் எப்படி நம்புவது? பஸ் ஏறி அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, ஏன் இறங்கினோம் என்று தெரியாமல் நின்றாள்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் மழுப்பவில்லை. "மார்க்கத்துல கூடாதும்மா. நீங்க கேட்டு நான் மாத்திச் சொல்ல முடியாது." அவள் பையை எடுத்துக்கொண்டு எழப்போனாள். அவர் மேலே பேசினார். "எங்காளுங்கள்லயே மாத்திப் படிக்கிறவங்க சில பேர் இருக்காங்க. நான் அந்தப் பக்கம் இல்ல. ஆனா ஒண்ணு, பெத்த புள்ளையைத் துரத்துன்னு யாரும் சொல்லல. ரத்த உறவை அறுக்கிறதும் பெரிய பாவம். அந்தப் புள்ள இப்ப எங்க இருக்கு?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. "ஏதோ ரூம்ல இருக்கானாம்" என்றாள். எந்தத் தெரு, எந்த மாடி என்று அவளுக்கே தெரியாது என்பதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

விகாரையில் பிக்கு நிதானமாகச் சொன்னார். "கட்டுப்பாடெல்லாம் துறவிகளுக்கு. குடும்பத்துல இருக்கறவங்க யாரையும் ஏமாத்தாம, வதைக்காம இருந்தா சரிதான்னு நான் படிச்சிருக்கேன். வேற விகாரையில வேற மாதிரி சொல்லுவாங்க."

"எங்க போனாலும் வேற ஒண்ணு இருக்குதே சாமி" என்று சலித்துக்கொண்டே எழுந்தாள்.

வரும் வழியெல்லாம் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கூடாது என்று ஒருவர், கூடும் என்று ஒருவர், கூடும் ஆனால் என் பெயரைச் சொல்லாதே என்று ஒருவர். இதை வைத்துக்கொண்டு என்ன முடிப்பது? மாடிப்படியில் நின்று சாவியைத் தேடும்போதுதான் சுருக்கென்று உறைத்தது. தரகில் இறங்கிய நாளாய் இப்படி ஒரு முட்டாள்தனத்தை அவள் செய்ததில்லை. ஊரிலுள்ள பெரியவர்களை எல்லாம் விசாரித்தாயிற்று, மாப்பிள்ளையை விசாரிக்கவில்லை.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். இந்த வேலையில் மட்டும் அவளை யாரும் மிஞ்ச முடியாது. மாப்பிள்ளையைப் பற்றி முதலாளியிடம் கேட்கவே கூடாது, டீ ஊற்றுகிறவர்களிடம் கேட்க வேண்டும். கேன்டீன்காரி பாத்திரத்தை அலசிக்கொண்டே சொன்னாள்.

"அந்த எக்ஸ்ரே தம்பியா? வயசானவங்க பெஞ்சுல படுக்கப் பயந்தா, எறும்பு கூடக் கடிக்காதும்மான்னு சொல்லிச் சிரிக்க வைக்கும். ஒரு குறைன்னா டீயை ஆறப்போட்டுக் கெடுக்கும். இப்பக் கொஞ்ச நாளா அதுவும் குடிக்கிறதில்ல. ஆமா, பொண்ணு பார்க்கறீங்களா?"

"பார்த்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஒரு மூலை மேசையில் போய் உட்கார்ந்தாள். உட்காரவும் முடியவில்லை. கிளம்பிவிடலாம் என்று எழுந்தபோது எதிரே வெள்ளைக் கோட்டில் அவனே நின்றான். கையில் இரண்டு டீ.

"சர்க்கரை கம்மியாத்தானேம்மா?"

தப்பிக்க வழியில்லை. "என்னை எப்படித் தெரியும்?"

"உங்க மூக்கை வச்சுத்தான்மா. அவருக்கும் இதே மூக்கு."

அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, தூங்கிய முகமாக இல்லை. எல்லா மாப்பிள்ளைகளையும் கேட்கும் கேள்வி அவளையறியாமல் வாயில் வந்தது. "அவனை நல்லா வச்சுப்பியா?"

அவன் டீயை மேசையில் வைத்தான். "இப்ப அவர் நல்லா இல்லைம்மா. தினமும் சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பிடறார். கூப்பிடக்கூடாதுன்னுதான் சொன்னீங்களாம், வரக்கூடாதுன்னு சொல்லலையாம்."

"வந்தவன் உள்ள வர்றதுக்கென்ன? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"வீடு பூட்டியிருக்காம்மா. எப்ப வந்தாலும் பூட்டுத்தான். அவர் வந்துடுவாரோன்னு பயந்துதான் நீங்க அந்த நேரம் பார்த்து வெளிய போயிடறீங்கன்னு நெனைச்சுக்கிட்டிருக்கார். மூஞ்சியில முழிக்கக்கூடப் பிடிக்கலன்னு."

கோயில் திண்ணையிலும் சர்ச் நாற்காலியிலும் மகனுக்கு ஒரு வாசல் திறக்குமா என்று முடிச்சம்மா கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொரு சாயங்காலமும், பெற்ற பிள்ளை பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான். அழுகை பொங்கி வந்தது. அழுவதற்கு நேரமில்லை. போனை எடுத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

"அம்மா?"

"எங்கடா இருக்க?"

"பஸ்ஸுல. அங்கதான்... சும்மா அந்தப் பக்கம் வந்தேன். நீ எங்க?"

தரகில் அவள் சொல்லாத பொய் கிடையாது. இந்தப் பொய்யில் மட்டும் குரல் உடைந்தது. "வீட்டுலதான்டா இருக்கேன். வேற எங்க போகப்போறேன்? நேரா வா."

போனை வைத்துவிட்டு எதிரில் நின்றவனின் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வண்டி வச்சிருக்கியாப்பா?"

"இருக்கும்மா, ஆனா டூட்டி..."

"யார்கிட்டயாவது சொல்லிட்டு வா. அவன் வர்றதுக்குள்ள கதவு திறந்திருக்கணும்."