மருதாணிக் கையும் பிளீச்சிங் தொட்டியும்

மூலக்குளத்துச் சுலோசனாவுக்கு உள்ளங்கை எரிய ஆரம்பித்து ஏழு மாதமாகிறது. கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதியில் படுக்கை விரிப்பு வெளுக்கிற வேலை அவளுக்கு. அவள் அப்பா மில்லில் தறி ஓட்டினார், மில்லை மூடிவிட்டார்கள். மகள் எவரோ நெய்த துணியை, பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் வெறுங்கையால் அலசுகிறாள்.

எரிச்சல் என்று சொன்னதும் ஆளுக்கொரு தீர்ப்பு. உடம்புச் சூடு என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. காரம் ஜாஸ்தி தின்கிறாய் என்றான் புருஷன், அவள் வைத்த கருவாட்டுக் குழம்பை வழித்துத் தின்றுகொண்டே. லாஸ்பேட்டையில் இருக்கும் ஆயுர்வேத டாக்டரம்மாதான் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நாள் முழுக்க இந்தக் கை எதுலம்மா கெடக்குது?"

சுலோசனா தொட்டியைப் பற்றிச் சொன்னாள். ஏழு மாதத்தில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே அதை.

சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் பார்க்கச் சொன்னார், இல்லை. பித்தம் தணியப் புளியையும் மிளகாயையும் குறைக்கச் சொன்னார். செம்புப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு நூறு தடவை தேய்த்துக் கழுவிய நெய்யை ஒரு டப்பாவில் கொடுத்தார். வெண்ணெய் போல வெளுத்திருந்தது. "மருதாணியும் அரைச்சு வெய்யி, குளிர்ச்சி. ஆனா கையுறை போடாம தொட்டியில கை வெச்சேன்னா நான் குடுக்கறதெல்லாம் வீண்."

ஞாயிற்றுக்கிழமை மருதாணி வைத்தாள். திங்கட்கிழமை காலை மேனேஜர் மதிவாணன் கண்ணில் அது பட்டுவிட்டது.

"என்னக்கா, கல்யாண வீட்டுக்கா வந்த? கெஸ்ட் பாத்தா மூஞ்ச சுளிப்பாங்க. விரிப்புல கறை ஏறும். தொட்டியில நாலு முக்கு முக்கு, போயிடும்."

எரிகிற கைக்கு வைத்த மருந்தை, எரிய வைத்த தண்ணீரிலேயே கழுவச் சொல்கிறார். எந்த விடுதியில்? சனிக்கிழமைதோறும் மொட்டை மாடியில் வெள்ளைக்கார மதாம்களுக்கு மருதாணி வைத்துவிட ஆள் வரவழைக்கிற அதே விடுதியில். அங்கே அது அலங்காரம். இவள் கையில் அழுக்கு.

சுலோசனா ஈரத் தலையணை உறை ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிழிந்து அவர் முன்னால் விரித்தாள். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

"கறை எங்க தம்பி?"

"ரூல்னா ரூல்தான்க்கா."

"சரி, கையுறை குடு. யாரும் கையப் பாக்க மாட்டாங்க."

"உனக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கணும்."

"குடேன். எங்க கை என்ன வாடகைக்கு எடுத்ததா?"

சொல்லிவிட்டுக் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த அஞ்சலாட்சியும் கையை வெளியே எடுத்தாள். "எனக்கும் ரெண்டு மாசமா எரியுது. இவளாட்டம் வாயில்ல, அவ்வளவுதான்" என்றாள். கூட வெளுக்கிற மற்ற இரண்டு பெண்களும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்கள். மதிவாணன் கடிகாரத்தைப் பார்த்தார். பதினோரு அறைக்கு இரண்டு மணிக்குள் விரிப்பு வேண்டும்.

ஒன்றரைக்கு ரப்பர் கையுறை வந்தது. நாலு பேருக்கு இரண்டு ஜோடி.

சுலோசனா அதை வாங்கித் தொட்டி விளிம்பில் வைத்தாள். வாளியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ரெண்டு ஜோடி வரட்டும் தம்பி. ஒண்ணா எறங்குறோம்."