அமலோற்பவம் பாடாமல் இருந்த ஐந்து வருஷம்

இல்லை. அவள் தொண்டையில் ஒரு நோயும் இருக்கவில்லை.

அவள் அடக்கத்தன்று, தொண்டை நோய்தானா என்று உங்களில் பலர் என்னிடம் கேட்டீர்கள். நான் தலையை ஆட்டினேன். ஆம் என்று எடுத்துக்கொள்ளும்படி ஆட்டினேன். இங்கே அதைத் திருத்துகிறேன்.

செய்தி மே மாத விடுமுறையில் வந்தது. அவள் சொந்த ஊரான அகரத்திலிருந்து அவள் அண்ணன் சைக்கிளில் வந்து விடுதி வாசலில் நின்றார். நான் என் கதை ஒன்றைப் படியெடுத்துக்கொண்டிருந்தேன். "அமலு போயிட்டா டீச்சர். விஷக்காய்ச்சல். பதினோரு நாளு" என்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. "ஒங்ககிட்ட மொதல்ல சொல்லணும்னு அம்மா சொல்லுச்சு. நீங்கதான அவளுக்கு எல்லாம்" என்றார்.

நம் பள்ளியில் அமலோற்பவம் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. நான் உயர்நிலை வகுப்புகளுக்கு. சென்னையில் எம்.ஏ. படித்துவிட்டு வந்தவள் என்பதை நான் யாரையும் மறக்க விட்டதில்லை. விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே அறை.

அறுபதாம் வருஷத் தவக்காலத் தொடக்கத்தில் ஆசிரியைகளுக்கு மூன்று நாள் ஞானவொடுக்கம் நடந்தது. பேச்சில்லை. பிரசங்கம், செபம், மௌனம். முடிவில் ஒவ்வொருவரும் ஒரு பிரதிக்கினை எடுக்க வேண்டும். இனி கோபப்படுவதில்லை, தினமும் பூசை காண்பது, இப்படி. எங்கள் இருவருக்கும் அது போதவில்லை. எனக்குப் போதவில்லை என்பதே சரி. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆளுக்கு ஒன்றாக மற்றவளின் குற்றத்தைச் சொல்லுவது என்று நான்தான் யோசனை சொன்னேன். விதிகளையும் நானே எழுதினேன். கேட்பவள் பதில் சொல்லக் கூடாது. நன்றி மட்டும் சொல்ல வேண்டும். குற்றத்துக்கு இடமான காரியத்தை அன்றே விட்டுவிட வேண்டும். சொன்னவள் 'போதும்' என்று சொன்ன பிறகே அதை மறுபடி தொடலாம்.

அந்த வாக்கியங்களின் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. பரிசுத்தம் என்பது நல்ல உரைநடை போல இருக்கும் என்று நினைத்தேன்.

அமலோற்பவம் படித்துப் பார்த்தாள். "இம்புட்டுக்கும் கையெழுத்துப் போடணுமாடி?" என்று சிரித்தாள். போட்டாள்.

ஆறு சனிக்கிழமைகள் நன்றாகப் போயின. அவள் சொல்லுவதற்கு முன் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருப்பாள். "பிள்ளைகள நீ பேரு சொல்லிக் கூப்பிடுறதில்ல. மூணாம் பெஞ்சு, நாலாம் பெஞ்சுங்கிற." இது ஒன்று. "சமையக்காரம்மா பேசுறப்ப நீ புத்தகத்த மூட மாட்டேங்கிற." இது இன்னொன்று. சொல்லி முடித்ததும், "அம்புட்டுதான். வா, காப்பி குடிக்கலாம்" என்பாள். நான் நன்றி சொல்லுவேன். முறைப்பாகச் சொல்லுவேன்.

பெரிய வெள்ளியன்று அவள் பாடினாள். அதைக் கேட்டவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. சாணார்பட்டிப் பக்கமிருந்து வண்டி கட்டி வந்திருந்த பெண்கள் தூண்களை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மகனை மடியில் வாங்கும் தாயின் வியாகுலப் பாட்டை அவள் எடுத்ததும், அவர்கள் சத்தம் போட்டே அழுதார்கள். வெளியே வந்தபோது ஒருத்தி அவள் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "ஏ ஆத்தா, எம் மகன் செத்தப்பக்கூட நான் இப்படி அழுகலியே" என்றாள்.

நான் இரண்டடி தள்ளி நின்றேன். அந்த வாரம்தான் என் முதல் கதை சென்னைப் பத்திரிகை ஒன்றில் வந்திருந்தது. ஆசிரியைகள் அறையில் மேசைமேல் வைத்திருந்தேன். யாரோ அதன்மேல் சாப்பாட்டுத் தூக்கை வைத்திருந்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. முதலில் நான் சொன்னேன்.

"நீ மாதாவுக்காகப் பாடவில்லை. அவர்கள் அழுவதைக் கேட்பதற்காகப் பாடினாய். அது பெருமை. பாவங்களில் முதலாவது."

இப்படித்தான் சொன்னேன். எழுதுவது போலப் பேசினேன். அவள் முகம் சிவந்தது. எதையோ சொல்ல வாயெடுத்தாள். விதி ஞாபகம் வந்திருக்க வேண்டும். "நன்றி" என்றாள். அன்று என் குற்றம் எதையும் அவள் சொல்லவில்லை.

மறுநாள் உயிர்ப்புப் பூசையில் அவள் பாடகர்களோடு நிற்கவில்லை. கடைசி வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். ஆர்மோனியம் வாசிப்பவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

தொண்டை என்று முதலில் சொன்னது யார் என்று தெரியவில்லை. அவள் சொல்லவில்லை. பொய் சொல்லுவதில்லை என்பது ஞானவொடுக்கத்தில் அவள் தனியாக எடுத்த பிரதிக்கினை. கேட்டவர்களிடம் "பாடல" என்பாள். ஏன் என்றால் சிரிப்பாள். ஊர் தானாகவே முடிவு கட்டியது. சித்தரத்தை வந்தது. பனங்கற்கண்டு வந்தது. மிளகு தட்டிப் போட்ட பால் வந்தது. சமையல்காரம்மா ஒரு நாள், "ஏ புள்ள, திண்டுக்கல்லு சித்தரத்தை பூரா ஒன் வயித்துக்குள்ளதான் இருக்கு" என்றார். "நல்லதுதான்க்கா, சோத்துக்கு வெஞ்சனம் தேட வேணாமில்ல" என்றாள் அமலோற்பவம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சனிக்கிழமைகளை நான் நிறுத்திவிட்டேன். விடைத்தாள் என்றேன், தலைவலி என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் விட்டதை விட்டபடியே இருந்தாள். 'போதும்' என்ற அந்த ஒரு சொல் என்னிடம் இருந்தது. வேறு யாரிடமும் இல்லை.

ஒருமுறை, மறுவருஷத் தவக்காலத்தில், கடைத்தெருவிலிருந்து இருவரும் நடந்து வந்தோம். கோயில் மதிலருகே நின்றாள். உள்ளே பாட்டுப் பயிற்சி. யாரோ தவறாக எடுத்தார்கள்.

"பெரிய வெள்ளி வருது" என்றாள்.

என்னைப் பார்த்தாள். கையிலிருந்த பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"நடடி, வெயில்" என்றேன் நான்.

நடந்தாள்.

நான் சொன்னதில் உண்மையும் இருந்திருக்கலாம் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். கேட்பவர்கள் முகத்தைப் பார்க்காமல் யாரால் பாட முடியும்? ஆனால் நான் அதை உண்மை என்பதற்காகச் சொல்லவில்லை. பரிசுத்தமாக வாழ எடுத்த பிரதிக்கினையைக் கொண்டு அவளை அடித்தேன். திருப்பி அடிக்க முடியாதபடி விதியும் எழுதி வைத்திருந்தேன்.

அடக்கத்தன்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "சின்னப் புள்ளையில கெணத்துல முங்கி முங்கிக் குளிக்க விட்டேன் தாயி. அதுலதான் தொண்டை கெட்டுச்சு. அங்கன புடிச்ச கேடுதான் இப்ப உசுரக் கொண்டுபோயிருச்சு. நாந்தான் பாத்திருக்கணும்." நான் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

இந்தப் பள்ளி மலருக்கு அஞ்சலி எழுதும்படி தலைமை மதர் கேட்டபோது முதலில் வேறொன்று எழுதினேன். 'குரலை இழந்தும் புன்னகையை இழக்காதவள்' என்று அதில் ஒரு வரி இருந்தது. இரண்டு நாள் அந்த வரியை ரசித்தேன். மூன்றாம் நாள் கிழித்தேன். பிறகு அகரத்துக்கு பஸ் ஏறினேன்.

அம்மா முற்றத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து சொன்னேன். எதையும் விடவில்லை. அவர் கை நிற்கவில்லை.

"அப்ப தொண்டைக்கு ஒண்ணுமில்லையா?"

"இல்லம்மா."

"கெணத்துல குளிச்சதுனால இல்ல?"

"இல்ல. நல்லா இருந்துச்சு. கடைசிவரைக்கும்."

கொஞ்சம் கடலை உரித்தார்.

"நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா பாடியிருப்பாளா?"

"பாடியிருப்பா."

"சொல்றதுக்கு ஒனக்கு என்னத்தா?"

அவர் மன்னிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. "மூணரைக்கு பஸ்ஸு. போ" என்றார்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவள் சொன்ன ஆறு குற்றங்கள். ஆறும் உண்மை. எதைச் சொன்னதிலும் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை. ஒன்றுக்கும் அவள் 'போதும்' சொல்லவில்லை. இனி சொல்ல மாட்டாள்.

மூன்றரை பஸ்ஸில் திண்டுக்கல் திரும்பினேன். கோயிலில் பாடகர்கள் பயிற்சியில் இருந்தார்கள். ஆர்மோனியம் நிற்கும்வரை வாசலில் காத்திருந்தேன். பிறகு உள்ளே போய், அவள் ஏன் பாடவில்லை என்பதை அவர்கள் எல்லோரிடமும் சொன்னேன்.