பேசியது யார் என்ற வழக்கு

எங்கள் அத்திம்பேர் வக்கீல் தொழிலில் தோற்ற வழக்குகள் நிறைய. அவற்றில் எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். அவர் ஜெயித்திருக்க வேண்டிய வழக்கு அது. ஜெயித்தே விட்டார் என்றுகூடச் சொல்லலாம். கட்சிக்காரி கெடுத்துவிட்டாள்.

அத்திம்பேர் என் அக்காவின் கணவர். கரமனையில் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. முன்னறைதான் ஆபீஸ். எனக்கு டைப் அடிக்கத் தெரியும் என்பதால் நான் அங்கே குமாஸ்தா. பெண்பிள்ளை மிஷின் முன்னால் உட்கார்ந்து சம்பாதிப்பதா என்று தெருவில் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்தவர்களின் மனுக்களையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு போகும்போது ஒருவருக்கும் கை கூசவில்லை.

சுதந்திரம் வந்து, கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடிந்த கையோடு அந்த வழக்கு வந்தது. ராஜத்துரோகம். நம்மவர்களை உள்ளே தள்ளுவதற்கென்று வெள்ளைக்காரன் எழுதி வைத்த அதே சட்டம். யுத்த காலத்தில் அதே சட்டத்தைத் திட்டிக்கொண்டு ஜெயிலுக்குப் போன சிலர், இப்போது மந்திரிகளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சட்டத்தைப் பற்றி அவர்களுக்கு இப்போது புகார் ஒன்றும் இல்லை. எனக்கு இதை நினைத்தால் இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

குற்றம் சாட்டப்பட்டவள் போனக்காட்டுப் பக்கத்து மலையில் ஒரு தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறிய குடும்பம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. பால் மறக்காத குழந்தை. ஜாமீனில் வந்திருந்தாள். ஊரில் பெரிய வக்கீல்கள் எல்லாரும் கையை விரித்த பிறகு எங்களிடம் வந்தாள். சர்க்காரை எதிர்த்து ஒரு வழக்கு ஜெயித்துப் பெயர் வாங்க வேண்டும் என்று அத்திம்பேருக்கு வெகுநாள் ஆசை. அதனால் எடுத்துக்கொண்டார். அவர் மனசில் பொதுவுடைமை எல்லாம் ஒரு துளியும் கிடையாது.

முதல் நாள் அவளை எங்கே உட்காரச் சொல்வது என்றே வீட்டில் குழப்பம். அக்கா காப்பியை வாசல் படியில் வைத்துவிட்டு நகர்ந்தாள். அவள் அந்தக் காப்பியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

"உள்ள வந்துதான் பேசணும்னு வக்கீலய்யா சொன்னாரு. காப்பிக்கு மட்டும் வாசலாம்மா?" என்றாள். கோபமே இல்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துப்போயிற்று.

உள்ளே வந்து உட்கார்ந்து, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள். தோட்டத்தில் கஞ்சிக்குக் கொடுக்கும் அரிசியைக் குறைத்திருக்கிறார்கள். கேட்கப் போனவர்களைப் போலீஸை வைத்து விரட்டியிருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் கீழே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். பேசியவள் இவள். ஒலிபெருக்கி வைக்க அனுமதி இல்லை.

"மைக் இல்லாம அத்தனை பேருக்கும் எப்படிக் கேட்டுது?" என்று அத்திம்பேர் கேட்டார்.

"எங்களுக்கு எதுக்குய்யா மைக்கு? மலைச் சரிவுல நிரை நிரையா நிப்போம். மேல நிக்கிற கங்காணி ஒண்ணு சொன்னா, மேல் நிரைக்காரி அடுத்த நிரைக்குச் சொல்லுவா, அவ அதுக்குக் கீழ சொல்லுவா. அடி நிரை வரைக்கும் அப்படித்தான் போகும். கூட்டத்துலயும் அதுதான். நான் ஒரு பேச்சுச் சொல்லி நிறுத்துவேன். முன்னால நிக்கிறவளுக உரக்கத் திருப்பிச் சொல்லுவாளுக. அதக் கேட்டுப் பின்னால நிக்கிறவளுக சொல்லுவாளுக. அப்பறம் நான் அடுத்ததச் சொல்லுவேன்."

அத்திம்பேர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒன் பேச்சை எழுதிண்டு போன போலீஸ் ஏட்டு எங்க நின்னுண்டு எழுதினான்?"

"தோட்டத்து கேட்டுக்குப் பக்கத்துல. ரோட்டோரம். உள்ள வரப் பயம் அவருக்கு."

"ஒன் குரல் அங்க கேக்குமா?"

"எங்கய்யா கேக்கும்? பின் வரிசைக்காரிகளத்தான் கேட்டிருப்பாரு."

அவள் போனதும் அத்திம்பேர் அறைக்குள் குதிக்காத குறைதான். "கேட்டயோ குட்டி, ஜெயிச்சாச்சு! இவ பேசினதை அவன் கேக்கவே இல்லை. கேட்டது நூறு பேர் கத்தினதை. அந்த வார்த்தை இவளோடதுதான்னு எவன் சொல்றது?"

அவர் சொன்னபடிதான் நடந்தது. சாட்சிக் கூண்டில் ஏறிய ஏட்டு நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாதவன். அத்திம்பேர் குறுக்கு விசாரணையில் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் கேட்டார்: இந்தப் பெண்ணின் குரல் உன் காதில் விழுந்ததா, இல்லையா? ஏட்டு வியர்த்துப்போய் மலையாளத்தில் சொன்னான்: "எல்லாரும் ஒருமிச்சு பறஞ்ஞு சாரே. ஆத்யம் ஆரு பறஞ்ஞுன்னு எனிக்கு அறியில்லா." எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள், முதலில் யார் சொன்னது என்று தனக்குத் தெரியாது என்பதை அவனே ஒப்புக்கொண்டுவிட்டான். சர்க்கார் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்று அக்கா பாயசமே வைத்தாள்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சடங்கு. சாட்சிகள் முடிந்ததும் மஜிஸ்திரேட் குற்றம் சாட்டப்பட்டவளை நேராகக் கேட்பார், நீ இப்படிப் பேசினாயா என்று. அதற்காக அத்திம்பேர் அவளைத் தயார் செய்தார்.

"இல்லைன்னு ஒத்தை வார்த்தை. அதுக்கு மேல வாயைத் திறக்கப்படாது. தப்பா ஏதாவது சொன்னயோ, ஜெயில். கைக்குழந்தைக்காரி நீ, ஞாபகம் இருக்கட்டும்."

அவள் யோசித்தாள். "அப்ப அதப் பேசுனது யாருன்னு எழுதுவாக?"

"யாருன்னு தெரியலைன்னு எழுதுவா. அதைப் பத்தி நமக்கென்ன?"

அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்ததை அத்திம்பேர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். எங்கள் வீடுகளில் பெண்கள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதான் அர்த்தம். அந்தப் பழக்கத்தில் செய்த தப்பு. மலையில் அதற்கு வேறு அர்த்தம் போலிருக்கிறது.

அன்று கோர்ட்டில் கூட்டம். மாடு திருடியவன், வேலியை நகர்த்தியவன், ஜீவனாம்சம் கேட்டு வந்தவள் என்று அவரவர் வழக்குக்குக் காத்திருந்தார்கள். நான் அத்திம்பேருக்குப் பின்னால் வழக்குக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்தேன். குழந்தை என் மடியில். மஜிஸ்திரேட் கேள்வியைக் கேட்க, பெஞ்ச் கிளார்க் அதைத் தமிழில் சொன்னார். வலியசாலை அக்கிரகாரத்துத் தமிழர் அவர். கோவிலில் பாராயணம் செய்கிறவர், சாது.

அவள் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "நான்தான்யா பேசுனேன்."

அத்திம்பேர் பாதி எழுந்துவிட்டார். மஜிஸ்திரேட் கையமர்த்தினார். அவரும் பொல்லாதவர் இல்லை. யோசித்துப் பதில் சொல், இது உனக்கு விரோதமாகப் போகும் என்று கிளார்க் மூலமாக எச்சரித்தார்.

"யோசிச்சுத்தான் சொல்லுதேன். மத்தவளுக நான் சொன்னதத் திருப்பிச் சொன்னாளுக. ஏட்டையா எழுதுனதுல பாதிதான் இருக்கு. மீதியையும் எழுதிக்கிடுங்க."

பிறகு ஆரம்பித்தாள். பழக்க தோஷம், ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்தினாள். மலையில் திருப்பிச் சொல்ல ஆள் இருந்தது. இங்கே கிளார்க்கின் பேனா சத்தம் மட்டும். அவர் எழுதி முடித்துத் தலையைத் தூக்கியதும் அடுத்ததைச் சொன்னாள். அதனால் ஒரு வார்த்தைகூட விட்டுப்போகவில்லை.

வாக்குமூலம் எழுதினால், எழுதியதைச் சொன்னவருக்குப் புரியும் பாஷையில் உரக்க வாசித்துக் காட்ட வேண்டும். சட்டம் அது. எழுதப் படிக்கத் தெரியாதவள் என்றால் கட்டாயம் வாசிக்க வேண்டும். கிளார்க் எழுந்து நின்றார். முதல் வரியை வாய்க்குள்ளேயே வாசித்தார். அப்புறம் தினமும் பாராயணம் செய்கிற தொண்டை, தானாகவே கணீரென்று எடுத்துக்கொண்டது.

"வெள்ளைக்காரன் போயிட்டான்னு சொன்னாக. எங்க மலைய விட்டு இன்னும் போகல. பங்களாவுல அதே துரைதான் இருக்காரு. அரிசி கேட்டோம், சர்க்காரு போலீஸ அனுப்புச்சு. துரைக்குக் காவல் நிக்கிற சர்க்காரு எங்களுக்கு எப்படிச் சர்க்காரு ஆகும்? எங்க பசிய விட அவுக சட்டம் பெருசு இல்ல. அதுக்கு நாம பயப்படப் போறதில்ல."

மாடு திருடியவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். வாசலில் நின்ற சேவகன் உள்ளே தலையை நீட்டினான். எந்தப் பேச்சைப் பேசியதற்காக அவளைப் பிடித்தார்களோ, அதே பேச்சைச் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர் சர்க்கார் கட்டிடத்தில் நின்று முழக்கிக்கொண்டிருந்தார். அவர் மேல் யாரும் வழக்குப் போடவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. மடியில் குழந்தை தூங்கியதால் தப்பினேன்.

வாசித்து முடித்ததும், "சரியா இருக்கா?" என்று கேட்டார் கிளார்க்.

"சரியா இருக்குய்யா. நீங்க என்னைய விட நல்லாச் சொல்லுதிய," என்றாள் அவள்.

தீர்ப்பு ஆறு மாதம். மஜிஸ்திரேட் அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வராந்தாவில் அத்திம்பேர் பொரிந்து தள்ளினார். "ஒரு வார்த்தை! இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா சாயங்கால பஸ்ஸுல வீட்டுக்குப் போயிருக்கலாமே! எதுக்குடீ இந்தப் பிடிவாதம்?"

அவள் என்னிடமிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். "போயிருக்கலாம் சாமி. நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனா நான் இல்லைன்னா, பேசுனது அவளுகன்னுதான ஆகும்? நாளைக்கு அவளுகள ஒவ்வொருத்தியா இழுத்துட்டு வருவாக. அதுவும் போகட்டும். என்னைய நம்பித்தான் வாயைத் தொறந்தாளுக. நானே என் பேச்ச இல்லைன்னுட்டு எந்த மூஞ்சியோட மலையேறுவேன்?"

அப்பீல் போடலாம் என்று அத்திம்பேர் மெதுவாகச் சொன்னார். பேச்சை இல்லை என்று சொல்லாமல் போட முடியுமானால் போடுங்கள் என்றாள்.

போலீஸ் வண்டி வந்தது. அவளோடு ஜெயிலுக்கு அழைத்துப்போகக் குழந்தைக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். வண்டியில் ஏறியதும் அது பசித்து வீறிட்டது. அவள் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பால் கொடுத்தாள். அந்த இரண்டு பேரும் மரியாதையாக வெளியே திரும்பிக்கொண்டார்கள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பெருமையாக இருந்தது. ராஜத்துரோகி என்று சர்க்கார் தீர்ப்புச் சொன்ன ஆளை நான் கடைசியாகப் பார்த்தது அப்படித்தான்.