தண்ணீருக்குத் திரும்பவேண்டிய எலும்புகள்

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் யோகராணியின் வீட்டுப் பேஸ்மென்ற்றுக்கு டொரீன் குடிவந்து ஆறேழு வருடம் இருக்கும். கனடாவின் ஆதிக்குடிகளில் ஒன்றான அல்கொங்குவின் மக்களைச் சேர்ந்தவர். வடக்கே கோல்டன் லேக் பக்கம் சொந்த ஊர். இளம் வயதில் ரொறன்ரோவுக்கு வந்து, ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் முதுகு வளையும்வரை வேலை செய்து ஓய்வுபெற்றவர். கணவர் எப்போதோ விலகிப் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. கீழே ஆள் இருப்பதே தெரியாது என்று யோகராணியின் கணவர் நவரட்ணம் சொல்லுவார்.

யோகராணிக்குத் தெரியும். அவளுடைய குசினி யன்னல் பின்வளவைப் பார்த்தபடி இருந்தது. விடிந்ததும் டொரீன் வெளியே வந்து, மேப்பிள் மரத்தடியில் ஒரு சிட்டிகை புகையிலையை வைத்து, வாய்க்குள் ஏதோ சொல்லிவிட்டுப் போவார். அணிலுக்கு நஞ்சு வைக்கிறாவோ என்று யோகராணி முதலில் பயந்தாள். கேட்டபோது, விடிந்ததற்கு நன்றி சொல்கிறேன் என்றார். சாப்பிடமுன் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, இறந்துபோனவர்களுக்கென்று ஒரு சின்னத் தட்டில் வைப்பார். காகத்துக்குச் சோறு வைக்கிற யோகராணிக்கு அது பிடித்திருந்தது. ஒரு கோடை மாலையில் பழங்கதை ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்டாள். அந்தக் கதைகளை நிலத்தில் பனி கிடக்கும்போதுதான் சொல்லலாம் என்றார் டொரீன். சொன்னபடியே தை மாதத்தில் ஒருநாள் தேத்தண்ணிக் கோப்பையோடு மேலே வந்து, மூன்று கதை சொல்லிவிட்டுப் போனார்.

டொரீனின் தம்பி லியோ ஊரில் பொறி வைத்து, ஆற்றிலும் ஏரியிலும் வாழும் பீவர் என்ற மிருகத்தைப் பிடிப்பவர். குளிர்காலத்தில் அக்காவுக்கு இறைச்சி அனுப்புவார். முதல் தடவை அந்த மணம் மேலே வந்தபோது நவரட்ணம் மூக்கைச் சுருக்கினார்.

"கனடா ஐஞ்சு சதக் காசுக் குத்தியிலை படம் இருக்கிற மிருகத்தையோ மனிசி காய்ச்சுது? உதுக்குப் பொலிஸ் வராதோ?"

"பேசாமல் இருங்கோ. நீங்கள் கணவாய் காய்ச்சேக்கை அவ ஏதும் சொன்னவவோ?" என்றாள் யோகராணி.

யோகராணி அறியாத ஒன்று இருந்தது. இறைச்சியைத் தின்றபின் டொரீன் எலும்புகளை எறிவதில்லை. கழுவி, சிவப்புத் துணியில் சுற்றி வைப்பார். லியோ வரும்போது கொடுத்தனுப்ப, அவர் கொண்டுபோய் ஊர்த் தண்ணீரில் விடுவார். பீவர் தன்னை மனிதருக்குத் தானே கொடுக்கிறது, எலும்பை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தால் திரும்பவும் வரும், நாய்க்குப் போட்டால் மனம் நொந்து அந்தப் பக்கமே வராது என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த வருடம் லியோவின் பொறிகளில் அதிகம் விழவில்லை. டொரீனுக்கு முழங்கால் ஒப்பரேசன் வேறு. லியோ வரக் கிடைக்காததால் எலும்புகள் மாதக்கணக்கில் லோண்டரி அறையின் பொதுப் பிறீசரிலேயே கிடந்தன.

கந்தசஷ்டி விரதம் வந்தது. யோகராணி வீடு கழுவி, பிறீசரில் இருந்த மச்சம் மாமிசத்தை எல்லாம் அப்புறப்படுத்தினாள். அடியில் ஒரு பொலித்தீன் பை. பிரித்தால் சிவப்புத் துணிக்குள் வெறும் எலும்பு. சூப்புக்கு வைத்து மறந்துவிட்டா, பாவம், என்று நினைத்து, டொரீனுக்கு வேலை மிச்சம் என்று வாசலில் இருந்த பச்சைக் குப்பைத் தொட்டிக்குள் போட்டாள். துணியை மட்டும் தோய்த்து மடித்து வைத்தாள்.

அன்றிரவு, குப்பை கிளறித் தின்னும் ரக்கூன் ஒன்று தொட்டியைப் புரட்டிவிட்டது.

விடிய யன்னலால் பார்த்தபோது டொரீன் மரத்தடியில் நிற்கவில்லை. சரியாக மடங்காத முழங்காலோடு புல்லில் தவழ்ந்து, ஒவ்வோர் எலும்பாகப் பொறுக்கிச் சட்டை மடியில் சேர்த்துக்கொண்டிருந்தார். யோகராணி தோய்த்த துணியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள். டொரீன் துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். ஏசவில்லை. இவளுக்கு விளங்குகிற இங்கிலீசில், மெதுவாக, எல்லாவற்றையும் சொன்னார். நாளைக்கு லியோ வருகிறான், பனிக்காலப் பொறி வைக்கப்போகிறான், தாடை எலும்பைக் காணவில்லை என்றார். தேடும்போது நாய் குலைத்த சத்தம் கேட்டது என்று சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

பக்கத்து வீட்டில் மன்னார்ப் பெடியன் பேனாட். அவன் ஒரு நாய் வளர்த்தான். யோகராணி நாயைக் கண்டால் மறுபக்கத்தால் போகிறவள். விரதத்துக்குத் தோய்ந்த ஈரத் தலையோடு போய் மணியை அடித்தாள்.

"தம்பி, உங்கடை நாயிட்டை ஒரு எலும்பு இருக்கோ எண்டு பாருங்கோ."

பேனாட் அவளுடைய நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தான். "அன்ரி, கந்தசஷ்டிக்கோ எலும்பு கேட்டு வந்தனீங்கள்?"

"பகிடியை விட்டிட்டு நாயைப் பிடியும்."

நாய் படிக்கட்டின் கீழ் படுத்திருந்தது. முன்னங்கால்களுக்கு இடையில் தாடை. நீண்ட செம்மஞ்சள் பற்கள் இன்னும் அதில் இருந்தன. பேனாட் கழுத்துப் பட்டியை இழுத்துப் பிடிக்க, அவள் குனிந்து வெறுங்கையால் அதை எடுத்தாள். நாயின் எச்சில் மணிக்கட்டுவரை வழிந்தது.

"கையுறை தாறன், அன்ரி. உங்கடை விரதம் எல்லோ."

"முழுகினால் சரி. இது முழுகினாலும் போகாது" என்று தாடையில் பதிந்திருந்த பற்தடங்களைக் காட்டினாள்.

டொரீனும் அந்தத் தடங்களைத் தடவிப் பார்த்தார். கழுவித் துணிக்குள் வைத்துவிட்டு, புகையிலைப் பையை யோகராணி பக்கம் நீட்டினார். எறிந்தவள் நீ, நீயே சொல்லு என்றார். யோகராணி ஒரு சிட்டிகை எடுத்து எலும்புகளின்மேல் வைத்தாள். என்ன மொழியில் சொல்வது என்று யோசித்தாள்.

"தெரியாமல் செய்துபோட்டன். கோவிக்காதை" என்றாள்.

டொரீன் துணியை முடிந்தார். யோகராணி மேலே போய்த் திரும்ப முழுகினாள்.

மறுநாள் லியோ வந்தார். டொரீன் மறைக்கவில்லை, நாய் கடித்ததையும் சொன்னார். லியோ முடிச்சை அவிழ்த்து, தாடையை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். திரும்பச் சுற்றி, பின்னால் போடாமல், லொறியில் தனக்குப் பக்கத்து ஆசனத்தில் வைத்துக்கொண்டு போனார். டொரீன் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. யோகராணியின் விரதம் முடிந்தபிறகும், லியோவின் பொறியில் பீவர் விழுந்ததோ என்று, மேலே ஒருத்தி கீழே ஒருத்தியாக இருவரும் ரெலிபோன் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நத்தார்ப் பண்டிகைக்குக் கொஞ்சம் முன்னால் ஊரிலிருந்து ஒரு பெட்டி வந்தது. நவரட்ணம்தான் உள்ளே தூக்கிவந்தார்.

"ஐஞ்சு சதம் வந்திட்டுதப்பா" என்றார்.

யோகராணி பிறீசரைத் திறந்து, தன்னுடைய மீன் பைகளை ஒருபக்கம் தள்ளி, மேல்தட்டை முழுதாக ஒதுக்கினாள். பிறகு கீழே போய்க் கதவைத் தட்டினாள். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது.